அவர்களும் பேசட்டும்



எரிக்கோ வழியோரத்தில் அமர்ந்திருந்த பர்த்திமேயுவை நீங்கள் அறிவீர்கள். அவன் கூவியழைத்தபோது, பேசாதிருக்கும்படி பலர் அதட்டினர். ஆண்டவரோ நின்று அவனை அழைப்பித்தார். அவன் பார்வையற்றவன் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. இருந்தும் அவனுக்கு என்ன வேண்டும் என்று அவனிடமே கேட்டார். அவன் தன் வாயால் சொன்ன பின்னரே பார்வை அளித்தார் (மாற்கு 10:46-52).

இனி நம் வீடுகளைப் பார்ப்போம். டவுன் சின்ட்ரோம் உள்ள ஒரு பிள்ளை இருக்கிறது. அதன் உணவைத் தெரிவு செய்பவர் தாய். உடுப்பைத் தெரிவு செய்பவர் அக்கா. டொக்டர் பிள்ளையிடம் கேட்கும் கேள்விக்கு மறுமொழி சொல்பவர் தகப்பன். எல்லாம் அன்பினால்தான். ஆயினும் அந்த அன்பே, எரிக்கோவின் கூட்டத்தைப் போல, பிள்ளையின் வாயை அடைத்துவிடக்கூடும்.

இது எவருடைய பாவத்தின் பலனுமன்று. பெரும்பாலும் 21ஆம் நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாக இருப்பதே காரணம் என்பதை, பிரான்சிய மருத்துவர் ஜெரோம் லெஜூனும் அவருடன் உழைத்தோரும் 1959இல் வெளியிட்டனர். இப்பிள்ளைகள் பேசுவதைவிட அதிகம் விளங்கிக்கொள்கிறார்கள். காதால் கேட்பதிலும் கண்ணால் காண்பதை எளிதாகக் கற்கிறார்கள். மறுமொழி சொல்ல அவர்களுக்குச் சற்று நேரம் வேண்டும். நாமோ அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை.

ஆகவே சிறியதிலிருந்து தொடங்குங்கள். இரண்டு சட்டைகளைக் காட்டி, எது வேண்டும் என்று கேளுங்கள். கேட்டபின் மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். சொல் வராவிட்டால் கையால் காட்டட்டும், படத்தைத் தொடட்டும். தெரிவு செய்ததை மாற்றாதீர்கள். "எனக்கு உதவி வேண்டும்", "எனக்கு விளங்கவில்லை" என்று சொல்லப் பழக்குங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமாக, "வேண்டாம்" என்று சொல்லக் கற்பியுங்கள். கீழ்ப்படிய மட்டுமே பழகிய பிள்ளை, தீய எண்ணத்தோடு தொடுகிறவனுக்கும் கீழ்ப்படிந்துவிடும். "வேண்டாம்" என்று சொல்லவும், நடந்ததை நம்பிக்கையான ஒருவரிடம் தெரிவிக்கவும் அறிந்த பிள்ளைக்கு அதுவே ஒரு காவல். வீட்டில் அதன் "வேண்டாம்" மதிக்கப்பட்டால்தான் வெளியிலும் அதைச் சொல்லத் துணியும்.

இது ஆகாத காரியம் என்பீர்களா? 1974இல் அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்தில், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையவர்கள் தாங்களே கூடி மாநாடு நடத்தினர். குறையின் பெயரால் அல்ல, முதலில் மனிதராகவே தங்களைக் காணவேண்டும் என்றனர். இன்று அவ்வியக்கம் பல நாடுகளில் உண்டு. 2006ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையும் மாற்றுத்திறனாளிகளின் சொந்த விருப்பை மதிக்கச் சொல்கிறது. இலங்கை 2016இல் அதை ஏற்று உறுதிப்படுத்தியது.

"எமக்குப் பின் இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்?" என்று இரவில் விழித்திருக்கும் தாய்மாரே, உங்கள் கண்ணீரை ஆண்டவர் அறிவார். நல்ல மருத்துவ வசதி கிடைக்குமிடத்தில் இவர்கள் அறுபது வயதுவரையும் வாழ்கிறார்கள். காணியும் நகையும் வைத்துச் செல்வது நல்லதே. ஆனால் பசியையும் நோவையும் விருப்பத்தையும் தானே எடுத்துச் சொல்லும் பழக்கம், எவராலும் பறிக்க முடியாத சீதனம்.

பங்கு மக்களே, வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பிள்ளையிடமே சுகம் விசாரியுங்கள். தாயின் முகத்தைப் பார்த்துக் கேளாதீர்கள். மறுமொழி வரும்வரை நில்லுங்கள். பர்த்திமேயுவுக்காக நின்ற ஆண்டவர், நமக்கும் அந்தப் பொறுமையைத் தருவாராக. ஆமென்.