மௌனம் சம்மதமாகுமா?

பிணியாளன் மருத்துவரிடம் தன் மறைவைக் கூறுவது பிணி தீரும் பொருட்டேயாம். அது பிறிதொரு காரியத்திற்குப் பயன்படுமாயின், யாரைக் கேட்டல் வேண்டும்?

இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டு இவ்வினா எழுந்தது. குடும்ப மருத்துவர்களிடமுள்ள நோய்க்குறிப்புகளைத் திரட்டி, ஆராய்ச்சி முதலியவற்றுக்கு அளிக்கத் தேசிய சுகாதாரச் சேவை முற்பட்டது. வீடுதோறும் துண்டறிக்கை அனுப்பப்பட்டது. மறுக்காதவர் யாவரும் இசைந்தவராகவே கொள்ளப்படுவர் என்பது ஏற்பாடு. அறிக்கை தம் கைக்கு எட்டவேயில்லை என்றனர் பலர். ஐயம் பெருகவே திட்டம் நிறுத்தப்பெற்று, 2016-இல் கைவிடப்பட்டது. 2018 மே 25 முதல், சிகிச்சைக்குப் புறம்பான ஆராய்ச்சிக்கும் திட்டமிடலுக்கும் தம் குறிப்பைத் தர மறுப்போர், அதனைத் தெரிவிக்க நாடு முழுமைக்கும் ஒரே முறை ஏற்பட்டது. இன்றும் மறுக்காதவர் இசைந்தவரே.

ஆராய்ச்சி தீதன்று. பலர் பிணியை ஒப்புநோக்கியன்றோ மருந்தின் நன்மை தீமை விளங்கும்! யாவரும் மறுப்பின், நாளைய பிணியாளனுக்கே கேடு. ஆயினும், அறிந்து வாளாவிருப்பவன் மௌனம் வேறு. அறியாதவன் மௌனம் வேறு. முன்னது சம்மதமாகலாம், பின்னது வெறும் அறியாமையே. அறிந்து கொடுப்பதே ஈகை. அறியாமல் எடுக்கப்பட்டது, எத்துணை நன்மை பயப்பினும், ஈகையாகாது.

ஆதலின், விளங்கச் சொல்லுதல் கேட்பவர் கடன். சிந்தித்து விடையளித்தல் நம் கடன்.