வாராத இடரும் வருமுன் காத்தலும்

இடர் வருமுன் காத்தல் அறிவுடையோர் செயலென்பதை மறுப்பார் இலர். ஆயினும், காப்புச் செய்தபின் அவ்விடர் வாராதொழியுமாயின், அதற்கெனச் செலவிட்ட பொருள் பயனுற்றதா, வீணாயிற்றா என்னும் வினா எழுகின்றது. அணை கட்டியபின் ஊர் நனையவில்லையெனின், தடுத்தது அணையா, அன்றி வெள்ளமே வரவில்லையா என்பதை ஆற்றைப் பார்த்து அறியலாம். எல்லா இடர்களும் ஆற்று வெள்ளம்போற் கண்ணுக்குப் புலனாவன அல்ல. 2000 ஆம் ஆண்டுக் கணனிச் சிக்கல் புலனாகாத இடர்களுள் ஒன்றாகும்.

கணனியின் தொடக்க காலத்தில் நினைவகம் மிகுந்த விலையுடையதாயிருந்தது. தரவுகளைத் தாங்கிய துளை அட்டையில் 80 நிரல்களே இருந்தன. எனவே ஆண்டினைக் குறிக்க 4 இலக்கங்களுக்குப் பதிலாக இறுதி 2 இலக்கங்களே எழுதப்பட்டன. 1999 என்பது 99 ஆயிற்று. 2000 என்பது 00 ஆகி, 1900 எனக் கொள்ளப்படும் நிலை தோன்றியது. 1940 இற் பிறந்தவரின் வயதைக் காண 99 இலிருந்து 40 ஐக் கழித்தால் 59 வரும். 00 இலிருந்து கழித்தாலோ வயது எதிர்க்கணியமாகும். ஓய்வூதியம், வட்டி, காப்புறுதி முதலியன இத்தகைய கழித்தலிலேயே தங்கியிருந்தன. அமெரிக்கக் கணனி அறிஞர் றொபேட் பீமர் எழுபதுகளிலேயே இதனை எச்சரித்தார். எனினும் பெரும்பாலான திருத்த வேலைகள் தொண்ணூறுகளின் பிற்பகுதியிலேயே நடைபெற்றன.

காலந்தாழ்ந்த அவ்வேலைக்கான செலவும் பெரிதாயிற்று. ஐக்கிய அமெரிக்காவில் மட்டும் அரசும் தனியாரும் செலவிடும் தொகை ஏறத்தாழ 10,000 கோடி டொலர் என 1999 இல் அந்நாட்டு வர்த்தகத் திணைக்களம் மதிப்பிட்டது. 2000 சனவரி 1 ஆம் நாள் விடிந்தபோது மின்சாரம் நிற்கவில்லை, விமானங்கள் வீழவில்லை. யப்பானிய அணுமின் நிலையமொன்றின் கண்காணிப்புக் கருவியிலும், அமெரிக்க உளவுச் செய்மதிகளின் தரவுகளைக் கையாளும் நிலத்தொகுதியிலும் கோளாறுகள் தோன்றின. பெருங்கேடு எதுவும் நேரவில்லை. உடனே, உலகம் ஏமாற்றப்பட்டதென்ற குரல் எழுந்தது.

இக்குற்றச்சாட்டின் வலுவான சான்று, ஆயத்தத்திற் பின்தங்கியவையெனக் கருதப்பட்ட இத்தாலி, உருசியா முதலிய நாடுகளும் பெருந்தீங்கின்றித் தப்பியமையாகும். இதனைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. பிறர் பொருள்செலவிட்டுத் திருத்திய மென்பொருள்களே அந்நாடுகளையும் சென்றடைந்தன என்பதும், எல்லா நாடுகளும் கணனியில் ஒரே அளவிற் தங்கியிருக்கவில்லை என்பதும் உண்மையே. எனினும், பழுதுபட்டபின் திருத்தியிருக்கக்கூடிய சிறு குறைகளுக்கும் முன்கூட்டியே பெரும்பொருள் செலவிடப்பட்டது என்பதை இச்சான்று உணர்த்துகின்றது. செலவு முழுவதும் தேவையானதென வாதிடுவது கடினம்.

ஆயின், செலவு மிகையானதா என்பது வேறு. காக்க முனைந்தமை தவறா என்பது வேறு. 1976 இல் மெய்யியலாளர் பேணாட் வில்லியம்சும் தோமஸ் நேகலும் அறத்தில் ஊழுக்குள்ள இடத்தை ஆராய்ந்தனர். தடுப்புக் கருவியைச் சோதிக்காது வண்டியோட்டும் இருவருள் ஒருவனது பாதையிற் குழந்தை குறுக்கிடுகிறது. மற்றவனது பாதையில் எவரும் வரவில்லை. முன்னவனையே உலகம் பழிக்கின்றது. ஆனால் இருவரது கவனயீனமும் ஒன்றே. தீதான முடிவு தற்செயலாக நன்றாய் முடிவதுபோல, நன்றான முடிவும் பின்விளைவால் வீண்போலத் தோன்றலாம். ஆகவே ஒரு முடிவை எடுத்தோர் அன்று எதனை அறிந்திருந்தனர், எதனை அறிந்திருக்கக் கூடும் என்பதைக் கொண்டே அம்முடிவை அளத்தல் வேண்டும்.

இவ்வளவுகோல் எல்லா அச்சங்களுக்கும் அரணாகிவிடாதா என வினவலாம். "நாம் செய்ததாலேயே தீங்கு வரவில்லை" என்று மூடநம்பிக்கையாளனும் கூறுவான். இருவரையும் வேறுபடுத்துவது சோதனையே. பொறியியலாளர் கணனியின் நாட்காட்டியை முன்நகர்த்தி, செய்நிரல் பிழைபடுவதை நேரிற் கண்டனர். எனவே அவர்களது அச்சம் வதந்தியன்று, கணக்கு. அக்காலத்தில் உலகமுடிவு வருமென்றெண்ணி உணவும் எரிபொருளும் பதுக்கியோரின் அச்சத்துக்கு இத்தகைய ஆதாரம் இருக்கவில்லை.

கண்ணுக்குத் தப்பிய பிழை என்ன செய்யுமென்பதற்கு இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகர் சான்றாகும். கருவிலுள்ள குழந்தைக்கு டவுண் நோய்க்குறி ஏற்படும் வாய்ப்பைக் கணிக்கும் ஆய்வுகூடக் கணனி, ஆண்டுப் பிழையினால் தாய்மாரின் வயதைத் தவறாகக் கணித்தது. 2000 ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் 150 இற்கு மேற்பட்ட பெண்களுக்குப் பிழையான முடிவுகள் வழங்கப்பட்டன. தம் வாழ்வின் மிகப் பாரமான தீர்மானத்தை அவர்கள் பொய்யான எண்ணொன்றை நம்பி எடுக்க நேர்ந்தது. செலவு ஏட்டில் எழுதப்படும். திருத்தப்பட்ட பிழைகளால் இத்தகைய துன்பத்திலிருந்து தப்பியோரின் பெயர்களோ எந்த ஏட்டிலும் இல்லை. தாம் தப்பியமையை அவர்களே அறியார்.

இவ்வினா மீண்டும் எழவுள்ளது. 1970 சனவரி 1 முதற் கடந்த விநாடிகளை 32 இருமஇலக்கங்களில் எண்ணும் கணனிகளில், 2038 சனவரி 19 ஆம் நாள் அவ்வெண்ணிக்கை எல்லையைக் கடக்கும். புதிய தொகுதிகள் பல 64 இருமஇலக்கங்களுக்கு மாறிவிட்டன. இயந்திரங்களுள் பதிந்துள்ள பழையன எஞ்சியுள்ளன. "அன்று ஒன்றும் நடக்கவில்லையே" என்று கூறி அவற்றைத் திருத்தாது விடுவது, வண்டி இதுவரை எவரையும் மோதவில்லையென்று தடுப்புக் கருவியைச் சோதியாது விடுவதற்கு ஒப்பாகும். 2000 ஆம் ஆண்டின் அனுபவம் செலவிற் சிக்கனத்தைக் கற்பிக்கின்றது. காத்தலைக் கைவிடுமாறு அது கற்பிக்கவில்லை.