டேப்பைக் கையில் எடு!

"எனக்கு மண்ணில் வண்டி ஓட்ட வராது" என்று இனி சொல்லாதே, தம்பி! பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புச் செம்மண்ணில் முன்சக்கரம் வழுக்கியது. சிதம்பரம் பக்கம் காய்ந்த களிமண்ணில் பின்சக்கரம் துள்ளி உன்னைத் தள்ளியது. இரண்டும் உன் திறமைக்கு எழுதிய தீர்ப்பு அல்ல. தொழிற்சாலையில் உன்னைப் பார்த்தா ஸ்பிரிங் போட்டார்கள்? யாரோ ஒரு சராசரி ஆளை நினைத்துப் போட்டார்கள். நீ 55 கிலோவோ 90 கிலோவோ, அது உன் எடை. வண்டிதான் உனக்கு ஏற்றபடி மாற வேண்டும்.

எழுந்திரு. உன் எடைக்குப் பின்பக்க ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்று அளப்போம். ஒரு டேப், ஒரு நோட்டு, பிடித்துக்கொள்ள ஒரு நண்பன். பின்சக்கரம் அந்தரத்தில் நிற்கும்படி வண்டியை ஸ்டாண்டில் ஏற்று. பின் அச்சிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு புள்ளி வை; தூரத்தை அளந்து எழுது. வண்டியைக் கீழே இறக்கி, ஹெல்மெட், பூட்ஸோடு ஏறி உட்கார்ந்து, நண்பனை மறுபடி அளக்கச் சொல். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சக்கரம் ஏறி இறங்கும் மொத்தத் தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். 300 மில்லிமீட்டர் ஓடும் மோட்டோகிராஸ் வண்டியில் 100. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-இல் பின்பக்க ஓட்டம் 170 என்பதால் 55-ஐ ஒட்டி. அதன் புரோ வகையில் 220, ஆகவே 70-ஐ ஒட்டி.

இந்த எண் ஏன் உயிரானது? பின்பக்கம் அளவுக்கு மீறி அமுங்கினால் முன் ஃபோர்க் படுத்துக்கொள்ளும். முன்சக்கரத்தில் பாரம் குறையும். திருப்பத்தில் நீ திருப்பினாலும் வண்டி நேரே ஓடும். பின்பக்கம் தூக்கி நின்றால் ஃபோர்க் செங்குத்தாகும். சட்டென்று திரும்பும், ஆனால் வேகத்தில் ஹேண்டில்பார் உதறும். கிளாம்ப்பில் ஃபோர்க் குழாயை 5 மில்லிமீட்டர் மேலே ஏற்றினாலே திரும்பும் விதம் மாறுவதை உன் கை உணரும். நீ பயம் என்று நினைத்தது பலமுறை இந்த மில்லிமீட்டர்தான்!

இன்னொன்றையும் அள. ஆள் ஏறாமல், தன் எடைக்கே வண்டி எவ்வளவு இறங்குகிறது? மோட்டோகிராஸ் வண்டியில் 30 முதல் 40 மில்லிமீட்டர் வரை நல்லது. நீ ஏறினால் அளவு சரி, ஏறாதபோது வண்டி இறங்கவே இல்லையா? ஸ்பிரிங் கடினம் என்று முடிவு கட்டிவிடாதே. அது உனக்கு மெலிந்த ஸ்பிரிங். மெலிவை மறைக்க ஸ்பிரிங் நட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறாய். கெட்டியான ஸ்பிரிங் போடு. பட்டறையிலேயே பலர் தலைகீழாக முடிவெடுக்கும் இடம் இது. நீ ஏமாறாதே.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மணலுக்குப் பின்பக்கம் கொஞ்சம் தாழ்வு. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுது. ஓட்டிப் பார்க்க உரியவர் அனுமதித்த தோப்பு போதும். கடலூர் சில்வர் பீச்சிலோ பிச்சாவரம் அலையாத்திக் காட்டோரத்திலோ சக்கரத்தை இறக்காதே. அந்த மண் நண்டுக்கும் நாற்றுக்கும் சொந்தம்.

"நம்ம ஊரில் இருந்து என்ன முடியும்" என்கிறாயா? பாரதப்புழைக் கரையிலுள்ள ஷொர்ணூரிலிருந்து போன ஹரித் நோவா, ஓசூர் டிவிஎஸ்ஸும் பிரான்சின் ஷெர்கோவும் சேர்ந்த அணிக்காக ஓட்டி, 2024-இல் சவுதிப் பாலைவனத்து டக்கார் பந்தயத்தில் ராலி 2 பிரிவை வென்றார். ஒட்டுமொத்தத்தில் 11-ஆம் இடம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பிறந்த உனக்கு மட்டும் பாலைவனம் தூரமா? தொழிற்சாலை அணிகளில் ஷாக் அப்சார்பரை வீரருக்கு ஏற்ப அமைக்கவே ஆள் உண்டு. உன் அணியில் அந்த ஆள் நீதான்!

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படிக்கும் தங்கச்சி, உனக்கும்தான் சொல்கிறேன். ஸ்பிரிங் கணக்கைத் தேர்வுத்தாளில் போட்ட கை, ஸ்பேனர் பிடிக்கத் தயங்கலாமா? பந்தய வீராங்கனை ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-இல் பாஹா பைக் பந்தய உலகக் கோப்பையின் பெண்கள் பிரிவை வென்று காட்டிவிட்டார். இந்த ஞாயிறு காலை வண்டியைத் திண்ணையோரம் நிறுத்து. அச்சிலிருந்து மட்கார்டு வரை எத்தனை மில்லிமீட்டர்? நீ ஏறிய பிறகு எத்தனை?