பல் முளைக்கும் இரவும் நகையின் அறமும்

வலியால் அழும் குழந்தையின் அருகில் இருந்துகொண்டு பெரியவர்கள் சிரிக்கலாமா என்னும் வினா, பார்வைக்குச் சிறியதாயினும், நகை என்னும் உணர்வு இரக்கத்துக்குப் பகையா உறவா என்ற பழைய மெய்யியல் சிக்கலைத் தன்னுள் கொண்டிருக்கிறது. சப்ரகமுவ மாகாணத்தில், களனி கங்கைக் கரையில் உள்ள யட்டியாந்தோட்டையைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் இவ்வினாவுக்குத் தனி அழுத்தம் உண்டு. அங்கு லயம் எனப்படுவது ஒரே கூரையின் கீழ், நடுச்சுவர்களைப் பொதுவாகக் கொண்டு வரிசையாக அமைந்த குடியிருப்பு. அதன் ஒரு காம்பராவில், அதாவது ஓர் அறையில், பிள்ளை வீரிட்டால் அடுத்த காம்பராக்களும் விழித்துக்கொள்ளும். விடிந்ததும் பிரட்டுக்கு, அதாவது ஆட்களைப் பெயர் பதிந்து வேலைக்குப் பிரித்து அனுப்பும் இடத்துக்கு, போக வேண்டும். பால்வெட்டுக்குப் போகிறவருக்கோ, வெயில் ஏறுமுன் குளிர்ந்த வேளையில்தான் இறப்பர் மரம் நன்றாகப் பால் சுரக்கும் என்பதால், இரவு இன்னும் குறுகியது.

முதற்பல் பெரும்பாலும் 6ஆம் மாத அளவில் தோன்றி, 3 வயதுக்குள் பாற்பற்கள் 20உம் நிறைவது வழக்கம். இவற்றுள் அகன்ற முகமுடைய கடைவாய்ப் பற்கள் தளர்நடைப் பருவத்தில், அதாவது ஒரு வயதுக்குப் பின், ஈறைத் தள்ளிக்கொண்டு வருகின்றன. ஈறு சிவந்து தடிக்கிறது, வாய்நீர் வடிந்து கழுத்தும் சட்டையும் நனைகின்றன, கையில் அகப்பட்டதையும் தூக்குகிறவரின் தோளையும் பிள்ளை கடிக்கிறது. பகலில் விளையாட்டில் மறந்திருந்த வலி, விளையாட்டுக்கு ஒன்றும் இல்லாத இருட்டில் முழுமையாகத் திரும்பி வர, சேலைத் தொட்டில் விடிய விடிய ஆடுகிறது.

இத்தொட்டிலருகே எழும் நகை எத்தகையது? தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அதாவது உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் முறையை ஆராயும் பகுதி, மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலிலும் அழுகையை அதற்கு அடுத்தும் வைக்கிறது. நகை பிறக்கும் நிலைக்களன்களாக அந்நூல் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைக் கூறுகிறது. எள்ளலாவது இகழ்ச்சி, இளமை பிள்ளைத்தன்மை, பேதைமை அறியாமை, மடனாவது பற்றியதை விடாத இயல்பு. இப்பகுப்பே நம் வினாவுக்கு விடையின் பாதியைத் தந்துவிடுகிறது. இகழ்ச்சியில் பிறக்கும் நகை ஒன்றே துன்புறுபவரைப் புண்படுத்துவது. ஏனைய மூன்றும் தொட்டிலருகே இயல்பாகவே கூடியிருப்பவை. தன் வலி எங்கிருந்து வருகிறது என்று அறியாத பேதைமையும், தாயின் சேலைத் தலைப்பை இருகையாலும் பற்றி விட மறுக்கும் மடனும் பிள்ளையிடம் உள்ளன. என்ன செய்வது என்று தெரியாமல் நள்ளிரவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் பேதைமையோ பெற்றோருடையது. அவர்கள் சிரிப்பது பெரும்பாலும் தங்களைப் பார்த்தே என்பதால் அச்சிரிப்பில் இகழ்ச்சிக்கு இடமில்லை.

பிள்ளையின் அழுகையை எதுவாகக் காண்பது என்பதில் சமய மரபுகள் வேறுபடுகின்றன. கிறித்தவ இறையியலின் பேராசானாகிய அகுஸ்தீன், 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதத் தொடங்கிய தம் ஒப்புதல் நூலின் முதற்பகுதியில், பாலுக்காக அழும் சிசுவின் பிடிவாதத்திலும் பொறாமையிலும் மனிதரோடு பிறந்த பாவத்தின் சாயலைக் கண்டார். வைணவ ஆழ்வார்களுள் ஒருவரான பெரியாழ்வார் கண்டது வேறு. தொட்டிலில் கிடத்தினாலும் இடுப்பில் எடுத்தாலும் அடங்காத பிள்ளையால் தன் உடல் மெலிந்துபோயிற்று என்று கண்ணனை வளர்த்த தாய் யசோதை மற்றொரு பெண்ணிடம் முறையிடுவதாக அவர் பாடுகிறார். முறையீட்டுக்கு உரியவனோ உலகைக் காக்கும் கடவுள். களைப்பை மறைக்காத தாய் அக்களைப்பைச் சொல்லும் விதத்திலேயே நகையும் அன்பும் கலந்துவிடுவதால், அங்கே முறையீடும் ஒரு வழிபாடாகிறது. அகுஸ்தீனின் கூர்மை மறுக்க முடியாததாயினும், இரவு இரண்டு மணிக்குப் பிள்ளையைத் தூக்கி நிற்பவருக்கு ஆழ்வாரின் பார்வையே உண்மைக்கு அண்மையானது என்று கொள்ள வேண்டும்.

நகையும் அன்பும் கலந்த இதே மனப்பாங்கு சடங்கிலும் உண்டு. இலங்கையின் வடக்கில் முதற்பல் தோன்றியவுடன், தேங்காய்ச் சில்லுகளைப் பல்வரிசைபோல் பதித்த பல்லுக் கொழுக்கட்டையை அவித்து, பிள்ளையின் தலைக்கு மேல் துணி பிடித்துச் சொரிந்து, சுற்றமெல்லாம் சிரித்து மகிழ்வர். தோட்டத்து நகையோ தன் சூழலிலிருந்து சொல் எடுக்கும். லயத்தையே எழுப்பிவிட்ட பிள்ளையைப் பார்த்து, “பெரிய கங்காணி எழும்பிட்டாரு, எல்லாரும் பிரட்டுக்கு வாங்க” என்று ஒரு பாட்டி சொல்லும்போது, தொழிலாளரைத் திரட்டிக் கொண்டுவந்து தலைமுறைகளாக மேய்த்த கங்காணி முறையின் அதிகாரம் பல் முளைக்கும் வாய்க்கு மாறிவிடுகிறது. அந்த நகை சுடுவது அதிகாரத்தையே. பிள்ளைக்கு அது கொஞ்சல். அத்துடன், தூக்கம் கெட்டவர் மனத்தில் மூளும் வெகுளி, அதாவது சினம், பிள்ளையின் முதுகில் அடியாக இறங்காமல் அச்சொல்லில் கரைந்துபோகிறது. நகை இரக்கத்துக்குச் செய்யும் பேருதவி இதுவே.

எனினும் இதற்கு எல்லைகள் உள. கடுங்காய்ச்சலையும் வயிற்றோட்டத்தையும் ‘பல்லு வருது’ என்று சிரித்துத் தள்ளிவிடுவது பேதைமையின் தீய முகம்; பல் முளைப்பதால் 38 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சல் வருவதில்லை என்பதால் அத்தகைய பிள்ளையை மருத்துவரிடமே கொண்டுசெல்ல வேண்டும். மற்றோர் எல்லை நீதியைப் பற்றியது. இரவெல்லாம் தனியே விழித்திருந்து, காலையில் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில், அதாவது தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில், விட்டுவிட்டுக் கொழுந்துக் கூடையைச் சுமக்கும் பெண்ணிடம் ‘சிரித்துச் சமாளி’ என்று சொல்லும் உரிமை, அவ்விரவில் அவளோடு விழித்திராத எவருக்கும் இல்லை. ஆகவே பல் முளைக்கும் இரவுகளில் தொட்டில் கயிற்றைப் பாதி நேரமேனும் தந்தையர் பிடிக்கட்டும். விடிந்தால் வேலைக்குப் போக வேண்டியவர்கள் இருவருமே.