கோடாத நாணயம்

க.பொ.த. சாதாரண தரக் கணித வினாத்தாளில் நிகழ்தகவு பற்றிய வினா பெரும்பாலும் ஒரு நிபந்தனையுடனேயே தொடங்கும். கோடாத நாணயம் ஒன்று என்றோ, அளவிலும் வடிவிலும் ஒத்த மணிகள் என்றோ அது கூறும். மாணவர் அத்தொடரை விரைந்து கடந்து கணிப்பிற்குச் செல்வர். பையொன்றில் மூன்று சிவப்பு மணிகளும் இரண்டு நீல மணிகளும் உள்ளன. மீள வைக்காது இரண்டை எழுமாற்றாக எடுத்தால், இரண்டும் சிவப்பாயிருக்கும் நிகழ்தகவு 3/5 × 2/4, அதாவது 3/10. விடை சரியே. ஆயினும் அவ்விடையைத் தாங்கி நிற்பது பெருக்கலன்று. மணிகள் ஒத்தவை என்னும் நிபந்தனையே. மணியொன்று பெரிதாயின் விடை பிழைத்துவிடும்.

கோடாமை என்னுஞ் சொல் கணித நூலார் ஆக்கியதன்று. நடுவுநிலைமையைக் கூறுமிடத்துத் துலாக்கோலை உவமையாக்கி வள்ளுவர் ஆண்ட சொல் அது. அறநூற் சொல்லொன்று நாணயத்துக்கு அடைமொழியானமை மிகப் பொருத்தமே. ஏனெனில், நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்ததே நீதி பற்றிய வினாவொன்றினால் எனலாம்.

1654 ஆம் ஆண்டிலே பிரான்சிய அறிஞரான பஸ்காலும் பேர்மாவும் கடிதவாயிலாக ஆராய்ந்த வினா அது. மூன்று ஆட்டங்களை முதலில் வெல்பவருக்கே பணயம் முழுவதும் எனக்கொண்டு, இருவர் தலைக்கு 32 பொற்காசு வைத்து ஆடுகின்றனர். ஒருவர் இரண்டும் மற்றவர் ஒன்றும் வென்ற நிலையில் ஆட்டம் முறிகிறது. பணயத்தைப் பங்கிடுவது எவ்வாறு? வென்றவற்றை மட்டும் எண்ணினால் 2:1 என்போம். எஞ்சிய இரண்டு ஆட்டங்களும் நிகழ்ந்திருப்பின் நான்கு வகையான முடிவுகள் இயலும். அவற்றுள் மூன்று முதல்வருக்குச் சாதகமானவை. ஆதலின் அவருக்கு 48, மற்றவருக்கு 16. முறிந்த ஆட்டத்திலே பெற்றதை எண்ணுதல் மட்டும் நீதியாகாது. பெறக்கூடியதாயிருந்ததையும் எண்ணவேண்டும் என்பதே இதன் பொருள். இருவரும் ஆற்றலில் ஒத்தவர் என்னும் எடுகோள் இங்கும் உண்டு.

இனி, பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் உள்ள முரசுமோட்டையை நோக்குவோம். இரணைமடுக் குளத்து நீரால் நெல் விளையும் ஊர் அது. போர் நெருங்கியபோது, 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்திற்குள், அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவ்வூர்ப் பிள்ளைகளின் கல்வி உண்மையிலேயே முறிந்த ஆட்டமாயிற்று. நாடெங்கும் ஒரே வினாத்தாள், ஒரே நேரம், ஒரே புள்ளித்திட்டம் என்பது உண்மையே. ஆனால் வினாத்தாள் ஒன்றாயிருத்தல் நாணயம் கோடாதிருத்தலுக்குச் சான்றாகுமா?

ஆகாது என்பதே எம் கருத்து. எனினும், கோணலை நிமிர்த்த முற்படும் கையும் கோடக்கூடும் என்பதை இந்நாட்டவர் அறிவர். 1971 இல் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிமூலத்துக்கேற்ப வெவ்வேறு வெட்டுப்புள்ளிகள் வகுக்கப்பட்டன; தமிழ்மொழிமூல மாணவர் கூடுதலான புள்ளி பெறவேண்டியவராயினர். 1974 இல் மாவட்டப் பங்கீடு வந்தது. பின்தங்கிய இடங்களுக்கு அது வழிதிறந்தது என்பர். ஆனால் அன்று முரசுமோட்டை யாழ்ப்பாண மாவட்டத்தினுள் அடங்கியிருந்தது. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984 இலேயே. எனவே வன்னிக் கிராமத்துப் பிள்ளையும் யாழ்நகரத்துப் பிள்ளையும் ஒரே பையின் மணிகளாகவே எண்ணப்பட்டனர். எல்லைக் கோட்டை எங்கே வரைகிறோம் என்பதிலும் கோணல் புகலாம் அன்றோ? இன்று பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கிளிநொச்சி உள்ளிட்ட பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. இவ்வெண்களும் வேதவாக்கல்ல, மீள ஆராயத்தக்கனவே.

எவ்வாறு ஆராய்வது? ஒரு முறை சுண்டி நாணயத்தின் கோணலை அறிய இயலாது. பன்முறை சுண்டிக் குறித்துவைத்தல் வேண்டும். நாணயம் செம்மையானது என்போர்க்கும் கோணலானது என்போர்க்கும் இக்கடன் பொதுவானது. ஐயத்தினால் மட்டும் புள்ளியைத் திருத்துவது எத்துணை அநீதியோ, ஆராயாமலே சமம் என்று சாதிப்பதும் அத்துணை அநீதியாகும்.

இங்ஙனங் கூறுதல் மாணவன் உழைக்க வேண்டியதில்லை என்பதாகாது. 3/10 என்னும் விடை கொழும்பிலும் முரசுமோட்டையிலும் ஒன்றே. அதற்கு இரங்கிப் புள்ளியிடுதல் அம்மாணவனை இழிவுசெய்வதாகும். அவன் ஊரிலிருந்து சென்ற ஆண்டு இத்தனை பேரே தேறினர் என்னும் எண்ணை அவனுடைய ஊழாகக் கொள்ளுதலும் தவறு. அவ்வெண் பலரைப் பற்றியது. அவனைப் பற்றித் தீர்ப்புக் கூறுவதன்று.

விடையைத் திருத்துவோர் விடையையே நோக்குக. அவ்விடைகளைக் கொண்டு இடங்களைப் பங்கிடுவோரோ வினாவின் முதல்வரியையும் வாசித்தல் வேண்டும். இன்று விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருப்போர் சிலர் நாளை அப்பணிக்கு வருவர். கோடாத என்னும் அச்சொல்லை அன்றும் அவர்கள் விரைந்து கடந்துவிடலாகாது.