‘ஏன்?’ என்று கேட்பது குற்றமா?

தீபாராதனை முடிந்து கற்பூரத் தட்டு வெளியே வருகிறது. பெரியவர் ஒருவர் தம் பேரனின் கண்களில் சுடரை ஒற்றிவிட்டு விளக்கம் கூறுகிறார்: கற்பூரம் எரிந்தபின் எதுவும் மிஞ்சுவதில்லை, ஆன்மாவும் அவ்வாறே இறைவனிடம் கரைந்துவிட வேண்டும். பேரனோ தட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். “அப்ப இந்தத் தட்டு ஏன் தாத்தா இவ்வளவு கரியா இருக்கு?” என்கிறான். “சாமி முன்னால வாயாடக் கூடாது” என்று தலையில் ஒரு குட்டு விழுகிறது. பண்டாரவளை நகரிலாயினும் தோட்டத்து லயத்தருகே உள்ள சிறு கோவிலிலாயினும் இக்காட்சியைக் காணாதவர் அரிது.

பிள்ளை கேட்டதில் பிழை ஏதும் இல்லை. கற்பூரம் எளிதில் ஆவியாகும் பொருள். திறந்து வைத்த டப்பாவில் அது தானாகவே குறைந்து போவதும் இதனாலேயே. எரியும்போது அந்த ஆவியே எரிவதால் சாம்பல் விழுவதில்லை. ஆனால் அதில் கரிச்சத்து மிகுதி; முற்றாக எரியாத கரி புகையாக எழுந்து தட்டிலும் கருவறை விதானத்திலும் படிகிறது. நாள்தோறும் புளி போட்டுத் தட்டைத் துலக்குகிறவருக்கு இது யாரும் சொல்லாமலே தெரியும். தாத்தா சொன்ன தத்துவம் இதனால் பொய்யாகிவிடாது. எரிந்த பின்னும் ஒட்டிக்கொள்ளும் கரியைத் தினமும் துலக்க வேண்டியிருக்கிறது என்பதும் அத்தத்துவத்துக்குள் அடங்கும் அல்லவா?

கேள்வி கேட்பவரை வரவேற்கும் வழக்கம் நமது நூல்களில் உண்டு. அதர்வ வேதத்தைச் சேர்ந்த பிரச்ன உபநிடதத்தின் பெயரிலேயே கேள்வி இருக்கிறது. ஆறு பேர் கையில் சமித்துடன் பிப்பலாத முனிவரிடம் செல்கின்றனர். ஓராண்டு தவமும் சிரத்தையுமாக இங்கே இருங்கள், பிறகு விரும்பியதைக் கேளுங்கள், தமக்குத் தெரிந்திருந்தால் எல்லாவற்றையும் சொல்வதாக முனிவர் கூறுகிறார். அவ்வளவு பெரிய ஞானி ‘தெரிந்திருந்தால்’ என்று ஒரு சொல்லை முன்கூட்டியே வைக்கிறார். ஆறாவதாகக் கேட்ட சுகேசர் சொல்லும் செய்தி இன்னும் அரியது. கோசல நாட்டு இளவரசன் இரணியநாபன் ஒருமுறை அவரிடம் வந்து, பதினாறு கலைகளை உடைய புருடனைப் பற்றிக் கேட்டானாம். தாம் அறியேன் என்று சுகேசர் ஒப்புக்கொண்டார். பொய் சொல்பவன் வேரோடு உலர்ந்து போவான் என்றும் கூறினார். இளவரசன் பேசாமல் தேரேறிப் போய்விட்டான். வேர் உலர்ந்த தேயிலைச் செடியைப் பார்த்தவர்களுக்கு இந்த உவமை விளங்கும்.

இக்காலத்தில் குட்டுக்குப் பதிலாக வேறொன்று வந்திருக்கிறது. எந்தக் கிரியையைக் கேட்டாலும் உடனே ஒரு விஞ்ஞானக் காரணத்தை ஒட்டவைப்பது. இது குட்டைவிடக் கேடு. தேங்காயின் மூன்று கண்களை மும்மலம் என்றும் முக்கண்ணன் வடிவம் என்றும் சொல்வது பக்தியின் மொழி; அதற்கு ஆய்வுகூடச் சான்று வேண்டியதில்லை. தென்னம்பூவின் சூலகம் மூன்று பகுதிகளால் ஆனது என்பதும், கண்களில் மென்மையான ஒன்றின் வழியாகவே முளை வெளிவரும் என்பதும் தாவரவியல். இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்துச் சொன்னால் பிள்ளை இரண்டையும் ஏற்றுக்கொள்ளும்.

வேப்பிலை விடயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இந்தக் குளிர் மலையில் வேம்பு அருமை. திருவிழாவுக்குக் கீழே வெப்பமான பகுதிகளிலிருந்தே கொண்டுவருகின்றனர். இவ்வளவு சிரமப்பட்டு ஏன் என்று பிள்ளை கேட்டால், அம்மைக் கிருமியை வேப்பிலை கொன்றுவிடும் என்பார் பலர். பெரியம்மை உலகை விட்டு நீங்கியது வேப்பிலையால் அன்று, தடுப்பூசியால். அது ஒழிந்துவிட்டது என உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. சின்னம்மை, அதாவது கொப்புளிப்பான், இன்னும் உண்டு. வாசலில் செருகிய வேப்பிலையைக் கண்டு அயலார் விலகியிருப்பது, சுவரோடு சுவர் ஒட்டிய லயங்களில் நல்ல ஏற்பாடுதான். நோயுற்ற பிள்ளைக்கு அம்மன் துணை என்ற ஆறுதலும் சிறிதன்று. ஆனால் காய்ச்சல் கடுமையானாலோ, மூச்சு வாங்கினாலோ, கர்ப்பிணிக்கு அது கண்டாலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வேப்பிலையே மருந்து என்ற தவறான விடை அந்த வீட்டில் ஓர் உயிரைக் கேட்டுவிடக்கூடும். அம்மன் ஒருபோதும் அதைக் கேட்பவள் அல்லள்.

ஆடி மாதக் காற்றில் கூரைத் தகரம் அடித்துக்கொள்ளும் ஒரு மாலையில் பேத்தி கேட்கிறாள்: “ஹட்டன்ல சித்தி வீட்டுல ஒரே மழையாம். நம்ம அம்மன் மட்டும் ஏன் ஆச்சி வெறுங்காத்தைக் குடுக்குது?” கொழுந்து பறித்துக் கை காய்த்த அந்த ஆச்சி சற்று யோசித்துவிட்டு, “எனக்குத் தெரியலையே கண்ணு. நாளைக்கு டீச்சர்கிட்ட கேட்டுட்டு வந்து எனக்கும் சொல்லு” என்கிறாள். மறுநாள் விடை வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைகளின் மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிட்டு, இப்பக்கம் காய்ந்த காற்றாக இறங்குகிறது. ஊவாத் தேயிலையின் பெயர்பெற்ற வாசனை அந்தக் காய்ச்சலில்தான் கொழுந்தில் ஏறுகிறது. ஆச்சி முழுவதையும் கேட்டுவிட்டு, அம்மன் படத்துக்கு விளக்கேற்ற எழுந்து போகிறாள்.