மருத்துவச் சான்றும் மனச்சான்றும்

நோயுற்றவன் மருந்துண்பதை எவரும் குறை கூறார். ஆனால் அம்மருந்தே அவனுக்குப் பிறரினும் மிகுந்த ஆற்றல் தருமாயின், அதனை உண்டு பந்தயக் களத்தில் இறங்குதல் முறையாகுமா? ஐரோப்பிய மிதிவண்டிப் பந்தய உலகைப் பல்லாண்டுகளாக அலைக்கழித்துவரும் வினா இது.

தடைசெய்யப்பட்ட மருந்து நோய்க்கு இன்றியமையாததாயின், மருத்துவச் சான்று காட்டி வீரர் விலக்குப் பெறலாம் என்பது விதி. நீரிழிவுடைய வீரருக்கு இன்சுலினை மறுத்தல் கொடுமையன்றோ? விதியின் நோக்கத்தில் பிழையில்லை. பிழை நுழையும் வாயில் வேறு. அலுவலக விடுப்புக்காகச் சான்றிதழ் தேடி அலைவாரை அறிந்த நமக்கு அவ்வாயிலைச் சுட்டிக்காட்ட வேண்டுவதில்லை.

1999-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுப் பெரும் பந்தயத்தில், லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் சிறுநீரில் ட்ரையம்சினலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து தென்பட்டது. இருக்கைப் புண்ணுக்குப் பூசிய களிம்பு என்று முன்தேதியிட்ட மருந்துச் சீட்டொன்று காட்டப்பட்டது, அவர் தப்பினார். 2012-இல் அவருடைய ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. மறு ஆண்டு அவரே உண்மையை ஒப்புக்கொண்டார்.

அதே மருந்து 2016-இல் மீண்டும் பேசப்பட்டது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனத்தின் கணினிப் பதிவேடுகளைக் களவாடியோர், 2012-இல் பிரான்சுப் பந்தயத்தை வென்ற முதல் பிரித்தானியரான பிராட்லி விக்கின்ஸ் பெற்ற விலக்குகளை வெளியிட்டனர். 2011, 2012, 2013 ஆகிய மூன்றாண்டுகளிலும் தலைமைப் பந்தயத்தை ஒட்டியே ஊசி போடப்பட்டிருந்தது. அம்மருந்து உடல் எடையைக் குறைத்தும் ஆற்றலைக் குறையாது காக்கும் என்பர். ஒவ்வாமைக்கும் ஆஸ்துமாவுக்குமே மருந்து கொண்டதாக விக்கின்ஸ் கூறினார். விலக்குகளும் முறைப்படி பெற்றவையே. ஆயினும் 2018-இல் பிரித்தானிய நாடாளுமன்றக் குழு, விதி மீறப்படவில்லை எனினும் அறத்தின் எல்லை கடக்கப்பட்டது என்று கருத்துரைத்தது. அவரும் அவருடைய ஸ்கை அணியினரும் அதனை மறுத்தனர்.

ஐயம் குற்றத்திற்குச் சான்றாகாது. திருடப்பட்ட நோய்க்குறிப்பைக் கொண்டு ஒருவரைத் தூற்றுவதும் நமக்கு உவப்பன்று. எனினும், ஊசி போட்டுக்கொள்ளும் அளவு நோயுற்றவர் அப்பந்தயத்தில் ஓடத்தான் வேண்டுமா என்று கேட்பதில் தவறில்லை. 2007-இல் சில அணிகள் கூடித் தொடங்கிய இயக்கம் ஒன்று இதற்கு நேரிய விடை கண்டது: இவ்வகை மருந்தை ஊசியாகக் கொண்ட வீரர் எட்டு நாள் ஓய்வெடுக்க வேண்டும். மருந்தும் உண்டு, ஆதாயமும் இல்லை. ஸ்கை அணி அவ்வியக்கத்தில் சேரவில்லை. 2022 முதல் பந்தயக் காலத்தில் இவ்வகை ஊசிகள் அனைத்தும் தடைசெய்யப்பட்டன.

இதில் நம்மை வருத்துவது உண்மை நோயாளியின் நிலையே. ஸ்கை அணியின் கிறிஸ் ஃப்ரூம் ஆஸ்துமா உடையவர். 2014-இல் விலக்குப் பெற்று ரொமாண்டிப் பந்தயத்தை வென்று ஏச்சுக்கு ஆளானார். 2015 பிரான்சுப் பந்தயத்தில் நோயுற்றபோது, விலக்குக் கோருவது மனத்துக்கு ஒவ்வவில்லை என்று மறுத்ததாகப் பின்னர் கூறினார், இருமியவாறே வென்றார். 2017-இல் அவருடைய சிறுநீரில் ஆஸ்துமா மருந்து வரம்பை மீறியதாகக் காணப்பட்டது. 2018 சூலையில் குற்றமில்லை என வழக்கு முடிந்தது. அதன்பின் சில நாள்களிலேயே தொடங்கிய பிரான்சுப் பந்தயத்தில், சாலையோரம் நின்றோர் அவரை நோக்கிக் கூச்சலிட்டனர், சிலர் உமிழ்ந்தனர்.